மறைநூலும் மரபும்

1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்பில் மெதடிஸ்தப் பணியைத் தொடங்கியபோது, கத்தோலிக்கம் அங்கே முன்னரே வேரூன்றியிருந்தது. இரு சபைகளுக்குமிடையே ஒரு பழைய வழக்கு உண்டு.

மீட்புக்கு வேண்டியன யாவும் வேதத்திலேயே உள என்பர் மெதடிஸ்தர். அப்போஸ்தலர் வழிவந்த மரபும் வேண்டும் என்பது கத்தோலிக்கர் கொள்கை. 1546இல் திரெந்துப் பொதுச்சங்கம் அதனை உறுதிசெய்தது.

கத்தோலிக்கர் வேதத்தில் 73 நூல்கள். மற்றையோர் வேதத்தில் 66. எவையெவை வேதம் என்னும் அட்டவணை வேதத்துள் இல்லை. அதை வகுத்தது சபை மரபே என்பர் முன்னையோர். பொன்னை உரைத்துப் பார்த்தவன் பொன்னைப் படைத்தவனல்லன். சபை வேதத்தை இனங்கண்டதேயன்றி ஆக்கவில்லை என்பர் பின்னையோர்.

1995இல் இருசாராரும் இணைந்து உருவாக்கிய தமிழ்ப் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. வழக்குத் தீரவில்லை, ஆயினும் ஒரே தமிழில் ஓதி வழக்காடுவது உறவுக்கு வழியன்றோ?