விரதம் முடிந்த மறுநாள்

(ஆலய ஆண்டுத் திருவிழாவையொட்டி நடைபெற்ற சமயச் சொற்பொழிவு நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

சமயச் சான்றோர் பலர் உரையாற்றிய இம்மேடையில் ஓர் அரசாங்க ஊழியனாகிய எனக்கும் இடமளித்த நிர்வாக சபையினருக்கு என் நன்றி. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்ற தமிழே என் மூலதனம். அதைக்கொண்டு, நெடுநாளாக என் மனத்திலிருக்கும் ஒரு கருத்தை உங்கள்முன் வைக்கிறேன்.

"என்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது, நேரந்தான் இல்லை" என்று சொல்லாதவர் நம்மிடையே அரியர். அரசாங்க அலுவலகத்தில் நாள்தோறும் நான் காணும் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கோப்பில் 'பிறகு பார்க்கலாம்' என்று எழுதிவைத்தால் அது அலமாரிக்குள் சென்று உறங்கிவிடும். 'இன்ன தேதியில் மீண்டும் வைக்கவும்' என்று எழுதினால் அந்தத் தேதியில் மேசைக்கு வந்து நிற்கும். இரண்டும் ஒரே கோப்புத்தான். நாள் குறித்ததே வேறுபாடு.

நம் பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிக்கும் இவ்வுண்மை நன்கு தெரிந்திருந்தது. விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்து, இருள் பிரியும் வேளையில் ரப்பர் மரத்தடியில் நின்றார்கள். விடியற்காலையில் பால் நன்றாக ஓடும்; வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். மரமும் அதே மரம், கத்தியும் அதே கத்தி. காலம் தவறினால் பயன் குறையும். ஆகவே, நேரம் தானாக வாய்க்குமென்று அவர்கள் காத்திருந்ததில்லை.

நேரத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் இப்பழக்கத்தைச் சமயம் நமக்கு விரதம் என்ற பெயரில் தந்திருக்கிறது. கந்தசஷ்டிக்கு ஆறு நாள், நவராத்திரிக்கு ஒன்பது இரவு, மார்கழிக்கு ஒரு திங்கள். தைப்பூசத்திற்குக் காவடி எடுப்போருள் பலர் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், விரதமிருக்கின்றனர். நட்சத்திரம் 27, இராசி 12, கோள் 9 ஆகியவற்றின் கூட்டுத்தொகையே 48 என்று பெரியோர் கணக்குச் சொல்வர்.

அந்த நாள்களில் நம் வீடுகளில் நிகழும் மாற்றத்தை எண்ணிப் பாருங்கள். புலால் நீங்குகிறது. மதுவும் புகையும் விலகுகின்றன. கடுஞ்சொல் குறைகிறது. விடியற்காலையில் நீராடி, மாலையில் விளக்கேற்றி, தரையில் பாய்விரித்துப் படுக்கும் தந்தையைப் பிள்ளைகள் வியப்போடு பார்க்கிறார்கள். பத்துமலையின் 272 படிகளையும் காவடியோடு ஏறும் அந்த உடலையும் மனத்தையும் ஆக்கியவை அந்த நாள்களே.

அன்பர்களே, இனி நான் கூறப்போவதைப் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். விரதம் முடியும் நாளை எண்ணி அஞ்சுகின்ற வீடுகளும் நம்மிடையே உள்ளன. காவடி இறக்கி, மாலையைக் கழற்றிய மறுநாளே புட்டியைத் தேடிச் செல்வோர் இருக்கின்றனர். 48 நாள் அமைதியாக உறங்கிய தாய், 49ஆம் நாள் மாலையில் வாசற்கதவின் ஓசைக்குச் செவிசாய்த்துக் காத்திருக்கிறாள். 'அப்பா எப்போதும் விரதமிருக்க மாட்டாரா?' என்ற கேள்வி பிள்ளையின் மனத்தில் எழுகிறது. அக்கேள்விக்கு நாம் என்ன விடை சொல்லப்போகிறோம்?

அதற்குரிய விடை இந்த ஆலயத்திலேயே இருக்கிறது. பீடத்தில் தெய்வத் திருவுருவைப் பொருத்தும்போது அட்டபந்தனம் சாத்துகிறார்கள். கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் முதலிய எட்டுப் பொருள்களை இடித்துச் சேர்த்த கலவை அது. ஆண்டுகள் செல்லச் செல்ல அப்பிடிப்புத் தளரும். ஆகவேதான் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து, மருந்தைப் புதுப்பித்து, திருக்குடமுழுக்கு நடத்துவது நம் மரபு. தெய்வம் உறையும் ஆலயத்திற்கே புதுப்பித்தல் வேண்டுமெனில், மனிதராகிய நமக்கு வேண்டாமா?

இதில் உற்று நோக்க வேண்டியது ஒன்றுண்டு. குடமுழுக்கு ஒரு நாளில் நிறைவுறும். பந்தலும் மேளமும் கூட்டமும் அன்றோடு கலைந்துவிடும். ஆனால் ஆலயம் மறுநாள் முதல் 48 நாள் மண்டலாபிஷேகத்தைத் தொடங்குகிறது. கூட்டம் இல்லாத மாலையிலும் அபிஷேகம் நடக்கிறது, விளக்கு எரிகிறது. நாம் பெருநாளுக்கு முன் 48 நாள் இருந்து, பெருநாளோடு முடித்துக்கொள்கிறோம். ஆலயமோ பெருநாளுக்குப் பின்னரும் தொடர்கிறது. நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இதுவே என்பது என் தாழ்மையான கருத்து.

"பொருளும் வசதியும் இருந்தால் செய்யலாம்" என்பார்க்குப் பூசலார் நாயனாரை நினைவூட்ட விரும்புகிறேன். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணம் அவர் வரலாற்றைக் கூறுகிறது. திருநின்றவூரைச் சேர்ந்த அப்பெரியார் கோயில் கட்டப் பொருள் தேடி அலைந்தும் கிடைக்கவில்லை. மனத்திலேயே கட்டத் தொடங்கினார். மனத்திற்குள்தானே என்று அவர் அவசரப்படவில்லை. நல்ல நாள் பார்த்து அடிநிலை இட்டார். இரவிலும் உறங்காமல் படிப்படியாக எழுப்பினார். மதிலும் திருக்குளமும் அமைத்தார். குடமுழுக்கிற்கும் நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தாம் எழுப்பிய கற்கோயிலுக்குக் குடமுழுக்குச் செய்ய இருந்த காடவர் மன்னரின் கனவில் இறைவன் தோன்றி, அன்பன் கோயிலுக்குத் தாம் செல்ல இருப்பதால் வேறு நாள் குறிக்கும்படி பணித்தார். பூசலாரிடம் செல்வம் இருந்ததில்லை. தம் நேரத்தை அவர் நாள்தோறும் இறைவனுக்குக் கொடுத்தார்; அதுவே கோயிலாயிற்று.

நாம் செய்யக்கூடியது என்ன? முதலாவதாக, விரத காலத்தில் கைக்கொண்ட நல்ல பழக்கங்களுள் ஒன்றை மட்டும் தேர்ந்து, 49ஆம் நாளும் தொடருங்கள். மதுவை விட்டவர் அதையே தேர்ந்துகொண்டால் அவர் இல்லம் முழுவதும் வாழ்த்தும். நெடுநாள் குடித்துப் பழகியவர் மருத்துவரின் துணையையும் நாடட்டும், அதில் இழுக்கில்லை.

இரண்டாவதாக, அதற்கு நேரத்தைக் குறியுங்கள். இரவு உணவுக்கு முன் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் ஒதுக்கிவைத்து, கால் மணி நேரம் குடும்பத்தோடு அமர்ந்து தேவாரம் ஓதலாம். பிள்ளைகளின் பேச்சைக் கேட்கலாம். 48 நாளில் அது 12 மணி நேரமாகிறது. ஓராண்டில் 91 மணி நேரத்திற்கும் மேலாகிறது. நேரமில்லை என்று சொன்ன நம்மிடம் இவ்வளவு நேரம் இருந்திருக்கிறது!

மூன்றாவதாக, ஒருநாள் தவறினால் மனம் தளர்ந்து கைவிடாதீர்கள். ஓராண்டுப் பூசைகளில் நேர்ந்த குறைகளை நிறைவு செய்யப் பவித்திரோற்சவம் என்றொரு விழாவையே ஆகமம் வகுத்துள்ளது. பூசையில் குறை நேர்ந்ததென்று யாரும் கோயிலைப் பூட்டிவிடுவதில்லை. குறைக்குப் பரிகாரம் செய்து, மறுவேளைப் பூசையைத் தொடர்கிறார்கள். நாமும் அவ்வாறே தொடர்வோம்.

நிர்வாக சபையினருக்கும் ஒரு வேண்டுகோள். விரதத் தொடக்கத்தில் மாலை அணிவிக்க அன்பர்களை ஒன்றுகூட்டும் நீங்கள், விரதம் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமையும் அவர்களைக் குடும்பத்தோடு அழையுங்கள். கூட்டு வழிபாடு, எளிய அன்னதானம், நான்கு நல்ல வார்த்தைகள் போதும். தனியே நிற்கத் தடுமாறும் மனம் அடியார் கூட்டத்தில் உறுதிபெறும்.

விழா நிறைவுற்றதும் கொடி இறங்கும், தோரணங்கள் அகற்றப்படும். மறுநாள் காலைப் பூசைக்கு ஆலய மணி வழக்கம்போல ஒலிக்கும். அம்மணியோசையைக் கேட்டு நம் இல்லங்களிலும் ஒரு விளக்கு ஏற்றப்பட எல்லாம்வல்ல இறைவன் திருவருள் துணைநிற்பதாக!