கேட்கத் தெரியாதவரின் பல்வலி



நபி (ஸல்) அவர்கள் தம் இறுதி நேரத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் நெஞ்சில் சாய்ந்திருந்தார்கள். அன்னையின் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் மிஸ்வாக்குடன் உள்ளே வந்தார்கள. நபியவர்களின் பார்வை அதன்மீது பதிந்ததைக் கண்ட அன்னையவர்கள், அது வேண்டுமா எனக் கேட்டு, தலையசைப்பால் விடை பெற்று, அதைத் தம் பல்லால் மென்று மிருதுவாக்கித் தந்தார்கள். புகாரியில் உள்ள இச்செய்தியை மிஸ்வாக்கின் சிறப்புக்காகவே நாம் பெரும்பாலும் எடுத்துச் சொல்கிறோம். பேச இயலாதவரின் தேவையைப் பார்வையிலிருந்தே அறிந்துகொண்ட பரிவு அதில் இருப்பதைக் கவனிக்கிறோமா?

டிமென்ஷியா எனும் மறதி நோயுடன் வாழும் முதியோர் நம் நாட்டில் ஏறத்தாழ 88 லட்சம் பேர் என 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. வேளச்சேரியின் அடுக்குமாடி வீடுகளிலும் அத்தகையோர் இருக்கிறார்கள். பல் வலிக்கிறது என்று அவர்களால் சொல்ல முடியாது. சோற்றைத் தள்ளுவார்கள், கன்னத்தைப் பிடித்துக்கொள்வார்கள், காரணமின்றிக் கத்துவார்கள். நாமோ, "வயதானால் இப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம்! அறிவு மங்கியவர்மீது மார்க்கக் கடமை இல்லை. அவரைப் பேணும் கடமை நம்மீது இருக்கிறதே.

அழுக்குப் படிந்த வாயிலுள்ள கிருமிகள் உமிழ்நீருடன் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரலாம். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டாண்டுகள் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், உணவுக்குப் பின் வாய் சுத்தம் செய்யப்பட்டவர்களிடம் நிமோனியா குறைந்திருந்தது.

பின்னால் நின்று திடீரென வாயில் கைவைக்காதீர்கள், அஞ்சிக் கடித்துவிடுவார். எதிரில் அமர்ந்து, மிருதுவான பிரஷை அவர் கையிலேயே கொடுத்து, உங்கள் கையால் அவர் கையைத் தாங்கித் துலக்குங்கள். ஆயுள் முழுதும் உளூச் செய்து பழகியவருக்கு அந்த வேளையிலேயே பல் துலக்கவும் நினைவூட்டினால் பழக்கம் கைகொடுக்கக்கூடும். பட்டாணி அளவு பற்பசை போதும். விழுங்குவதில் சிரமம் இருந்தால் அதையும் குறைத்து, நிமிர்ந்து உட்காரவைத்துத் துலக்குங்கள். மிஸ்வாக்கின் நார் உதிர்ந்து தொண்டையில் சிக்கலாம் என்பதால் அத்தகையோருக்கு பிரஷே பாதுகாப்பானது. மறுத்தால் வற்புறுத்தாமல் அரைமணி கழித்து முயலுங்கள். பல்செட்டை இரவில் கழற்றி, கழுவி, நீரில் போட்டு வையுங்கள்.

நோய் முற்றிய பின் மருத்துவரிடம் வாய் திறக்க மாட்டார். ஆகவே ஆரம்பத்திலேயே அழைத்துச் செல்லுங்கள். 1953இல் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி, கோட்டை ரயில் நிலையத்தின் எதிரே இருக்கிறது. வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலிலேயே போகலாம். மருந்துச் சீட்டுகளை மறவாதீர்கள். ரத்தம் உறையாதிருக்க அவர் மாத்திரை உண்பவராயின், பல்லைப் பிடுங்கும் முன்பே மருத்துவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.