அயல்நாட்டு வகுப்பறையில் ஆசிரியப் பயிற்சி



ஆசிரியப் பயிற்சியின் இறுதிக் கட்டத்தை அயல்நாட்டு வகுப்பறையில் நிறைவு செய்யும் முறை புதியதன்று. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகம் 1970-களிலேயே இதனைத் தொடங்கியது. அதன் மாணவர்கள் சென்று கற்பித்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. அவர்கள் முதலில் தாய்நாட்டுப் பள்ளியில் சில வாரங்கள் கற்பித்தல் வேண்டும். அதன் பின்னரே கடல் கடக்கலாம். இவ்வரிசை பொருள் பொதிந்தது. பயிற்சி முதிராதவரின் பிழைகளைப் பிறநாட்டுக் குழந்தைகள் சுமக்கலாகாது.

அயல்நாட்டில் அவர் பெறும் பயன் யாது? குழந்தைகள் தம்முள் பேசும் மொழி அவருக்கு விளங்குவதில்லை; அவர் கூறும் எடுத்துக்காட்டுகள் அவர்களை எட்டுவதில்லை. வீட்டு மொழி வேறு, பள்ளி மொழி வேறு என்ற நிலையிலுள்ள குழந்தையின் இடர்ப்பாட்டை அப்போதுதான் அவர் உணர்கிறார்.

நம் நாட்டில் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகள் பி.எட். படிப்பை ஈராண்டாக்கி, 20 வாரப் பள்ளிப் பயிற்சியை வகுத்தன. அனைவரையும் வெளிநாட்டுக்கு அனுப்ப நிதிநிலை இடந்தராது. ஆயினும், அவற்றுள் சில வாரங்களை வேற்று மாநிலப் பள்ளியிலோ பழங்குடியினர் வாழும் பகுதிப் பள்ளியிலோ அமைத்தால், கடவுச்சீட்டின்றியே அப்பட்டறிவு கிட்டும். வகுப்பில் வாய் திறவாதிருக்கும் குழந்தையின் மொழியை அறிய முற்படும் ஆசிரியரே பயிற்சியை நிறைவு செய்தவராவார்.