பனிக்கடலில் உல்லாசக் கப்பல்



துருவப் பகுதிகளைப் பற்றி நாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, "பனி உருகினால் கப்பல் போக வசதிதானே, சார்?" என்று கேட்டான். கப்பல் கம்பெனிகளும் அப்படித்தான் கணக்குப் போட்டன.

கனடாவுக்கு வடக்கே, தீவுகளுக்கு இடையில் ஒரு கடல்வழி உண்டு. நார்வே நாட்டு அமுண்ட்சன் ஆறு தோழர்களோடு 1903இல் புறப்பட்டு, மூன்று குளிர்காலம் பனியில் கிடந்து, 1906இல்தான் அதைக் கடந்து முடித்தார். 2016இல் கிரிஸ்டல் செரினிட்டி என்ற உல்லாசக் கப்பல், ஏறத்தாழ ஆயிரம் பயணிகளுடன், அலாஸ்காவிலிருந்து அவ்வழியே 32 நாள் பயணமாக நியூயார்க் சென்றது. வழியில் அது நின்ற உலுக்ஹக்டோக் என்னும் இனூயிட் கிராமத்தில் குடியிருப்போரே ஏறக்குறைய நானூறு பேர்தான். வீட்டாரைவிட விருந்தாளி அதிகம்!

தெற்கே அண்டார்டிகாவில் கூட்டம் மிகுதி. 2023-24 பருவத்தில் மட்டும் 1,20,000 பேருக்கு மேல் சென்றனர். அங்கே கப்பல் கக்கும் புகை பெருந்தொல்லை. கறுப்புத் துணி ஒன்றையும் வெள்ளைத் துணி ஒன்றையும் லயத்து வாசலில் கொடியில் போட்டு, நண்பகலில் தொட்டுப் பாருங்கள். கறுப்புத்தான் அதிகம் சுடும். வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். கரி படிந்த பனியோ வெயிலை உள்ளே வாங்கிக்கொண்டு விரைவில் உருகும். ராவுல் கொர்டேரோ என்பவரின் தலைமையில் சிலி நாட்டில் நடந்த ஆய்வு 2022இல் வெளியாயிற்று. 2016 முதல் 2020 வரை சென்ற பயணி ஒவ்வொருவராலும் ஏறக்குறைய 83 டன் பனி முன்கூட்டியே உருகியது என்று அது கணக்கிட்டது. பார்க்கப் போன பனியையே கரைத்துவிட்டு வந்திருக்கிறார்கள்!

விபத்தும் உண்டு. 2007 நவம்பரில் எக்ஸ்ப்ளோரர் என்ற கப்பல் பனிக்கட்டியில் மோதி மூழ்கியது. வேறொரு கப்பல் வந்து சேர்ந்ததால் 154 பேரும் பிழைத்தனர். எண்ணெய் கடலில் கலந்தது.

தார்போன்ற கனத்த எரியெண்ணெய்க்குத் தென் கடலில் 2011இலேயே தடை வந்தது. வட கடலில் 2024 ஜூலையில்தான் வந்தது. அதிலும் பல கப்பல்களுக்கு 2029 வரை விலக்கு உண்டு. இது நமக்கு நியாயமாகப் படவில்லை.

"அப்படியானால் ஆராய்ச்சிக்காரர்கள் மட்டும் போகலாமா, சார்?" என்றான் அதே மாணவன். ஆராய்ச்சி நிலையங்களின் ஜெனரேட்டர்களும் வண்டிகளும் கரி கக்குகின்றன என்று அந்தச் சிலி ஆய்வே ஒப்புக்கொள்கிறது. அதையும் மறைக்காமல் அவனிடம் சொன்னோம்.