ஜீஸ் பெண்ட் ஒட்டுப்போர்வைகள்

பேட்ச்வொர்க் போர்வை இப்போது நாகரிகமாகிவிட்டது. புதுத் துணியை வாங்கி, சதுரம் சதுரமாக வெட்டி, மறுபடியும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்து விற்கிறார்கள். சில போர்வைகளில் அந்த உழைப்பும் கிடையாது. ஒட்டுப்போட்டது போல அச்சடித்துவிடுகிறார்கள். ஊசி பிடித்துப் பழகிய நேயர்களுக்கு இதைப் பார்த்தால் எரிச்சல் வரும். வரவேண்டியதுதான். மிச்சத் துணியில் தைப்பதே ஒட்டுப்போர்வை. என்ன வடிவம், எந்த நிறம் என்பதையெல்லாம் கையில் கிடைத்த துணி முடிவு செய்யும், கடை அல்ல.

இதற்கு அமெரிக்காவில் ஓர் ஊரே சாட்சி. அலபாமா மாநிலத்தில், ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடும் ஜீஸ் பெண்ட். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்த கறுப்பின மக்களின் ஊர். தோட்ட முதலாளியின் பெயரான பெட்வே என்பதுதான் இன்றும் அங்கே பல குடும்பங்களின் பெயர். அந்தக் காலத்தில் பலகை வீடுகளின் இடுக்கு வழியே குளிர் புகுந்துவிடும். சுவரில் செய்தித்தாளை ஒட்டுவார்கள், படுக்கையில் போர்வைக்கு மேல் போர்வையாக அடுக்குவார்கள். போர்வைக்குத் துணி? வயலில் உடுத்திக் கிழிந்த உடைகள்தான்.

அந்த ஊர்ப் போர்வைகளில் 1942-இல் மிசௌரி பெட்வே என்ற பெண் தைத்த ஒன்றுக்கு ஈடு இணை கிடையாது. கணவர் இறந்துபோனார். அவருடைய வேலை உடைகளைப் போர்வையாக்கிப் போர்த்திக்கொள்ளப்போவதாக மகள் ஆர்லோன்ஸியாவிடம் சொன்னார் மிசௌரி. மகளும் கூட உட்கார்ந்து துணியைக் கிழித்துக் கொடுத்தார். கால்சட்டையின் கால் கீழே குறுகலாகவும் மேலே அகலமாகவும் இருக்குமல்லவா? மேல்பகுதியைக் கழித்து ஒரே அகலப் பட்டைகளாக்கினார்கள். சட்டையின் கீழ்ப்பகுதியையும் விடவில்லை. இருந்த உடுப்பெல்லாம் சேர்ந்து ஒரு போர்வைக்குத்தான் போதுமானதாக இருந்தது.

90 அங்குல நீளம், 69 அங்குல அகலம். சாயம்போன நீலம், வெளுப்பு, பழுப்பு. பூ இல்லை, கொடி இல்லை. ஒரே ஆளின் உழைப்பில் தேய்ந்த துணிகள் பக்கம் பக்கமாக நிற்கின்றன, அவ்வளவுதான். புதுத் துணியில் இந்த நீலத்தை யாரும் வாங்க முடியாது. வெயிலும் வியர்வையும் சலவையும் பல வருஷம் சேர்ந்து கொடுத்த நிறம் அது.

துணி முடிவு செய்யும் என்று சொன்னோமே, அதற்கு இன்னொரு சான்று. 1966-இல் அந்த வட்டாரப் பெண்கள் ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். 1972-இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் துணியில் தலையணை உறை தைத்துத் தரும் வேலை அவர்களுக்குக் கிடைத்தது. வெட்டி மிஞ்சிய துண்டுகள் வீடுகளுக்குப் போயின. கார்டுராய் தடித்த துணி. பொடி வேலைப்பாட்டுக்கு மடங்காது. அதனாலேயே அந்தக் காலத்துப் போர்வைகளில் பட்டைகள் அகலமாக, நேராக, பளிச்சென்ற நிறத்தில் இருக்கின்றன.

2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகமும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகமும் ஜீஸ் பெண்ட் போர்வைகளைச் சுவரில் மாட்டின. நவீன ஓவியங்களோடு ஒப்பிட்டு விமரிசகர்கள் வியந்தார்கள். 2006-இல் இவற்றின் படத்தோடு அஞ்சல் தலைகளும் வந்தன. அந்தப் புகழெல்லாம் சரிதான். ஆனாலும் ஓவியத்தோடு ஒப்பிட்டால்தான் இவற்றுக்குப் பெருமை என்பதில்லை. இவை முதலில் குளிருக்குப் போர்த்திக்கொண்டவை.

வீட்டில் ஒட்டுப்போர்வை தைக்க உட்காரும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்பீஸ் கடைக்குப் போகும் முன் பழைய துணி மூட்டையை ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள். சட்டைப் பையைப் பிரித்தெடுத்த இடத்தில் துணியின் பழைய நிறம் அப்படியே இருக்கும். அந்தத் துண்டை வெட்டி எறியாமல் போர்வையின் நடுவில் வைத்துத் தையுங்கள்.