மின்சாரமும் அண்டை வீட்டாரின் உரிமையும்



நேற்று மஃரிபுடைய நேரத்தில் சுவிட்சை அழுத்தி உங்கள் வீட்டுக்கு வெளிச்சம் ஏற்றினீர்கள். அந்த வெளிச்சம் எந்த நெருப்பிலிருந்து வந்தது, அந்த நெருப்பின் புகை யாருடைய கூரையின் மீது இறங்கியது என்று ஒரு கணமேனும் எண்ணிப் பார்த்தீர்களா? முல்லைத்தீவில் இருந்துகொண்டு இக்கேள்வியைக் கேட்பதற்கு எனக்கு ஒரு தனிப்பட்ட காரணமும் உண்டு.

நமது நாட்டின் ஒரேயொரு நிலக்கரி அனல்மின் நிலையம் புத்தளம் மாவட்டத்தின் நுரைச்சோலையில் அமைந்துள்ளது. லக்விஜய என்பது அதன் பெயர். அதன் முதலாவது இயந்திரத் தொகுதி 2011ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. மற்றைய இரண்டும் 2014ஆம் ஆண்டில் இணைந்தன. மூன்றும் சேர்ந்தால் 900 மெகாவாற்று. பல ஆண்டுகளில் இலங்கையின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அந்த ஓர் இடமே வழங்கியுள்ளது. கம்பி வழியே வரும் மின்சாரத்தில் இது நுரைச்சோலையுடையது, இது மகாவலியுடையது என்று எவராலும் பிரித்தறிய முடியாது. யாவும் ஒரே வலையமைப்பில் கலந்தே வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்து சேர்கின்றன.

நுரைச்சோலை என்ற பெயர் நம்மில் மூத்தவர்களுக்குப் புதியதன்று. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் தமது சொந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, முல்லைத்தீவு நகரிலிருந்தும் தண்ணீரூற்றிலிருந்தும் நீராவிப்பிட்டியிலிருந்தும் உடுத்த உடையுடன் புறப்பட்டவர்களில் பெருந்தொகையினரை ஏற்றுக்கொண்டது புத்தளம் மாவட்டம். கல்பிட்டித் தீபகற்பத்தின் மணலில், தென்னந்தோட்டங்களின் நடுவே, ஓலைக் கொட்டில்களில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. அவ்வாறு ஆலங்குடாவில் ஒரு கொட்டிலில் பிறந்தவன்தான் உங்களுடன் பேசுகின்ற நானும். தமது கிணற்றையும் பள்ளிவாசலையும் பாடசாலை வாங்குகளையும் நம்முடன் பகிர்ந்துகொண்ட அந்த மக்களின் அண்டையில்தான் இன்று நமக்கான நிலக்கரி எரிகின்றது.

அது எரிகின்ற முறையையும் சற்று அறிந்துகொள்ளுங்கள். ஆண்டொன்றுக்கு 20 இலட்சம் தொன் அளவிலான நிலக்கரி கப்பல்களில் வருகின்றது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அக்கடல் கொந்தளிப்பதால், கடல் அமைதியாக இருக்கும் மாதங்களிலேயே அதனை இறக்கி, ஆண்டு முழுமைக்குமாகத் திறந்த வெளியில் மலைபோல் குவிக்கின்றனர். பின்னர் அதே தென்மேற்குக் காற்று கடலிலிருந்து ஊரை நோக்கி வீசுகின்றது. கரித்தூசியும் சாம்பலும் வீடுகளிலும் மரக்கறித் தோட்டங்களிலும் படிவதாகவும், பிள்ளைகளுக்கு இருமலும் தோல் உபாதையும் ஏற்படுவதாகவும் அப்பிரதேச மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். எரிந்த கரியின் நுண்சாம்பலில் ஒரு பகுதி சீமெந்து உற்பத்திக்குச் செல்கிறது. எஞ்சியது அங்கேயே குவிகிறது.

இது பொறியியலாளர்களின் விவகாரம், மௌலவிக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நமது முன்னோர்களான புகஹாக்கள் அவ்வாறு கருதவில்லை. 14ஆம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் வாழ்ந்த இப்னுர் ராமி என்பவர் ஒரு கொத்தனார். காழிகளுக்குக் கட்டட வழக்குகளில் ஆலோசகராக இருந்து, மாலிகி மத்ஹபின் அடிப்படையில் கட்டடச் சட்டங்களைத் தொகுத்தார். குளியல் மண்டபத்தின் புகையும் ரொட்டி அடுப்பின் புகையும் அயல்வீட்டாருக்குத் தரும் தீங்கு, அதாவது ழரர், அந்த மரபில் வழக்குத் தொடுக்கத் தக்க ஒரு விடயம். நாம் ஷாபிஈக்கள், எனினும் அயலவருக்குத் தீங்கிழைக்கலாகாது என்ற அடிப்படையில் எந்த மத்ஹபுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஓர் அடுப்பின் புகைக்கே அத்துணை கவனம் செலுத்தியவர்கள் நுரைச்சோலைப் புகைக்கூண்டைக் கண்டிருந்தால் எத்தனை பாகங்கள் எழுதியிருப்பார்களோ!

கண்ணுக்குத் தெரியும் தூசி அயலூரோடு நின்றுவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத காபனீரொட்சைட்டோ உலகம் முழுவதற்கும் உரியதாகிவிடுகிறது. ஒரு தொன் நிலக்கரி எரிந்தால் இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட அவ்வாயு வெளியேறும். ஏனெனில் கரியிலுள்ள காபன் காற்றிலுள்ள ஒட்சிசனையும் சேர்த்துக்கொள்கிறது. தொழிற்புரட்சிக்கு முன்னர் வளியின் பத்து இலட்சம் பங்குகளில் 280 பங்காக இருந்தது, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் காற்று ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு வீதம் கூடுதலான நீராவியைச் சுமக்கும் என்கின்றனர் அறிஞர்கள். 2018 டிசம்பரில் முல்லைத்தீவையும் கிளிநொச்சியையும் மூழ்கடித்த வெள்ளத்தையும், 2025 நவம்பரில் நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த டித்வா சூறாவளியையும் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அவ்விரண்டையும் நிலக்கரியே கொண்டுவந்தது என்று நான் கூறவில்லை. ஆனால் வருகின்ற மழையின் சுமை கூடிக்கொண்டே போகிறது.

உலகப் புகையில் இலங்கையின் பங்கு மிகச் சொற்பம், பணக்கார நாடுகள் அல்லவா முதலில் நிறுத்த வேண்டும் என்ற வாதமும் உண்டு. அது உண்மை, நியாயமும் கூட. 2022ஆம் ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தபோது, படகை வாடியில் இழுத்துவைத்துவிட்டு அமர்ந்திருந்த நமது மீனவச் சகோதரரிடம் எரிபொருளைக் குறைத்துப் பாவியுங்கள் என்று உபதேசிக்க எனக்கு நா எழவில்லை. அவர் கடலுக்குச் செல்லட்டும். எனது பேச்சு வேறு. ஆளில்லாத அறையில் சுழலும் மின்விசிறியைப் பற்றியது. விடிய விடிய வீட்டைச் சுற்றி எரியும் அலங்கார விளக்குகளைப் பற்றியது. ஐம்பது யார் தொலைவிலுள்ள பள்ளிவாசலுக்கு மோட்டார் சைக்கிளில் வருவதைப் பற்றியது. ஓடும் ஆற்றில் வுழூச் செய்யும்போதும் நீரை விரயம் செய்யலாகாது என்று கற்பிக்கப்பட்ட உம்மத் நாம்.

மாற்று வழிகள் இல்லாமலில்லை. சம்பூரில் திட்டமிடப்பட்ட நிலக்கரி நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. அங்கு சூரிய சக்தித் திட்டத்திற்கு 2025 ஏப்ரலில் அடிக்கல் நாட்டப்பட்டது. மன்னாரில் 2020ஆம் ஆண்டிலிருந்து காற்றாலைகள் சுழல்கின்றன. ஆயினும் 2025இல் மன்னார் மக்கள் புதிய காற்றாலைகளுக்கு எதிராக வீதியில் இறங்கினார்கள். தங்கள் நிலமும் வெள்ளம் வடியும் வழியும் என்னாகும் என்று அவர்கள் கேட்டதையும் நாம் காதில் வாங்க வேண்டும். காற்றாலைக்கும் அண்டை வீட்டார் உண்டு.

நான் மின்சாரத்தை ஹராமாக்க வரவில்லை. எனது வீட்டிலும் சோறு மின்அடுப்பில்தான் வேகுகிறது. ஆனால் நமது பள்ளிவாசலின் கூரை நாள் முழுவதும் வெயிலில் வெறுமனே கிடக்கிறது. அதன் மீது சூரியப் படலங்கள் பொருத்துவது குறித்து எதிர்வரும் ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத்தார் கூடிப் பேசலாம் என்று நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன். நீங்களும் வாருங்கள்.

சென்ற ரபீஉல் அவ்வல் மாதத்தில் ஆலங்குடாவுக்குச் சென்றிருந்தேன். எங்கள் கொட்டிலுக்குத் தமது கிணற்றிலிருந்து தண்ணீர் தந்த மூத்தம்மா இன்னும் உயிருடன் இருக்கிறார். பார்வை மங்கிவிட்டது, குரலைக் கொண்டு என்னை அறிந்துகொண்டார். தேநீர் தந்துவிட்டு, "மகன், உங்கட ஊருக்குக் கரண்ட் எல்லாம் வந்திட்டா?" என்று கேட்டார். வந்துவிட்டது மூத்தம்மா, எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வஸ்ஸலாம்.