மீந்த சோறும் நுண்ணுயிர்களும்



இரவில் பாலுக்கு உறை ஊற்றி வைக்கிறோம், காலையில் தயிராகிவிடுகிறது. ஆப்ப மாவு தானாகப் பொங்குகிறது. இந்த வேலையைச் செய்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அல்லாஹ்வின் இந்தச் சின்னஞ்சிறு படைப்புகளுக்கு இன்னொரு பெரிய வேலையும் உண்டு. நாம் தூக்கி எறிவதை மீண்டும் மண்ணாக்குவதும் அவைதான்.

அதற்கு நாம் வழி விடுகிறோமா? வலீமா விருந்து முடிந்ததும் மீந்த சோறு, வாழை இலை, பிளாஸ்டிக் டம்ளர் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி அனுப்பிவிடுகிறோம். குப்பைமேட்டில் அது காற்றுப் புகாமல் புதைகிறது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அதிலிருந்து மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் வலுவானது. எளிதில் தீயும் பிடிக்கும். 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட புகை முதலில் போய்ச் சேர்வது பக்கத்தில் குடியிருக்கும் ஏழை வீடுகளுக்குத்தான்.

அதே கழிவு காற்றோட்டத்துடன் மட்கினால் நல்ல எரு. துளையிட்ட பழைய வாளி போதும். ஒரு பங்கு காய்கறித் தோலுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை போடுங்கள். தொடக்கத்தில் கொஞ்சம் புளித்த மோர் தெளியுங்கள். வாரம் இருமுறை கிளறுங்கள். இரண்டு மூன்று மாதங்களில் மண்வாசனையுடன் எரு கிடைக்கும். இறைச்சியும் எலும்பும் சேர்க்க வேண்டாம். எலியும் நாயும் வரும்.

எங்கள் முதல் வாளி நாறியது. இலை போடாமல் வெறும் சோற்றைக் கொட்டியிருந்தோம். காய்ந்த இலை சேர்த்துக் கிளறியதும் சில நாளில் நாற்றம் நின்றது.

ஆனால் இது வீண்விரயத்துக்குச் சாக்காகிவிடக் கூடாது. முதலில் அளவாகச் சமைப்போம். மீந்ததைச் சூடு ஆறுமுன் பசித்தவர்களிடம் சேர்ப்போம். அதற்கும் மிஞ்சியதே நுண்ணுயிர்களின் பங்கு.

இந்த மாதம் வீட்டுக்கு ஒரு வாளி வைப்போம். நம் வீட்டு விருந்துகளில் இலைக்கும் பிளாஸ்டிக்குக்கும் தனித்தனித் தொட்டி வைப்போம். இந்த மண் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அதைப் பேண அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக. ஆமீன்.